அரக்கைப் பூசும் சூடு

ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு உராய்வுச் சூடு பகை. கூலன்ட் கொஞ்சம் நின்றாலும் டூல் முனை மழுங்கும், அளவு பிசகும். அதே சூட்டை வண்ணம் பூச வைத்துக்கொண்ட கடைசல்காரர்கள், பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால், சென்னப்பட்டணத்தில் இருக்கிறார்கள்.

அங்கே அவர்கள் கடையும் பொம்மைகளுக்கு உரிய மரம் வெட்பாலை. தோல் நோய்த் தைலத்துக்காக நம் பக்கம் இலை பறிக்கிறோமே, அதேதான். வெளிர்நிறக் கட்டை, நெருக்கமான இழை, உளிக்கு இணங்கும். கடைந்து வழவழப்பாக்கிய பிறகும் லேத்தை நிறுத்துவதில்லை. நிறமேற்றிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். அரக்கு ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். உராய உராய அது இளகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை ஓலைத் துண்டை வைத்து அழுத்தினால், திட்டுத்திட்டாக நின்ற நிறம் சீராகப் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு ஏறுகிறது. பிரஷ் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். மெல்லிய கோட்டுக்குக் குச்சியின் விளிம்பு மட்டும் தொட வேண்டும். அழுத்தினால் அப்பிக்கொள்ளும், தளர்த்தினால் ஒட்டாது. அந்தப் பதம் கடைசல்காரரின் மணிக்கட்டில் இருக்கிறது.

திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்ததில் இத்தொழில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய முறைகளை இதில் சேர்த்தவர் பாவாஸ் மியான். சென்னப்பட்டணப் பொம்மைகளின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். ஆனால் பொம்மை வாங்கும் நம்மில் அவர் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஜப்பானிலும் லேத்தில் பிறக்கும் பொம்மை உண்டு: கொகேஷி. எடோ காலத்தின் பிற்பகுதியில், தொஹோகு பகுதியின் வெந்நீர் ஊற்று ஊர்களில் தோன்றியது. கை கால் கிடையாது. உருளை உடலும் உருண்டைத் தலையும்தான். நரூகோ ஊர் வகையில், சுழலும் உடலின் குழியில் தலையை அழுத்திப் பொருத்துகிறார்கள். அங்கும் உராய்வுச் சூடுதான் கைகொடுக்கிறது. உள்ளே போன கழுத்து கழன்று வராது, திருப்பினால் கீச்சிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஊர் மரபுக்குக் கட்டுப்படாமல் அவரவர் கற்பனைப்படி செய்யும் சோசாக்கு கொகேஷி வளர்ந்தது. அதன் அடியில் செய்தவரின் கையெழுத்து இருக்கும்.

சென்னப்பட்டணப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடைந்தவரின் பெயர் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. பட்டறைக்கே போய் வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு, பொம்மையின் அடியில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.