பழவேற்காடு ஏரியும் மீனவர் வாழ்வும்

நுழையும்முன்

திருப்பதி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஏழுமலை. ஆனால் அம்மாவட்டத்திற்கு ஏரியும் கடலும் உண்டு. 2022 ஏப்ரல் 4 அன்று புதிய மாவட்டம் அமைந்தபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூலூர்ப்பேட்டை, தடா முதலிய பகுதிகள் திருப்பதியுடன் இணைந்தன. அவற்றின் கிழக்கே விரிந்துள்ள பழவேற்காடு ஏரியைப் பற்றியும், அதனை நம்பி வாழும் மீனவரைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

உப்பும் இனிப்பும் கலந்த ஏரி

கடலை ஒட்டி, மணல்திட்டால் பிரிக்கப்பட்டு, குறுகிய வாயிலின் வழியே கடலோடு தொடர்புகொண்டிருக்கும் நீர்நிலையைக் காயல் என்பர். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு ஏரியே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஆந்திரப் பகுதி மக்கள் இதனைப் ‘பிரளய காவேரி’ என்றும் வழங்குவர். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, ஏவுதளம் அமைந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது.

பழைய சித்தூர் மாவட்டத்து மலைகளில் தோன்றும் ஆரணியாறு, பிச்சாட்டூர் அணையைக் கடந்து தெற்கே இவ்வேரியில் கலக்கிறது. சூலூர்ப்பேட்டை வழியாகக் காளங்கியாறு வந்து சேர்கிறது. ஆகவே, உள்நாட்டில் பெய்யும் மழைக்கும் கடலோரக் குப்பத்தில் எரியும் அடுப்புக்கும் தொடர்பு உண்டு.

முகத்துவாரம் ஏன் உயிர்நாடி?

கடலும் ஏரியும் கூடும் வாயிலே முகத்துவாரம். இதன் இன்றியமையாமையை அறிய இறாலின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வருகின்றன. ஆழம் குறைந்த, இரை மிகுந்த ஏரியில் சில மாதங்கள் வளர்ந்து, பின் இனப்பெருக்கத்திற்காகக் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா முதலிய மீன்களும் இவ்வாயிலைப் பயன்படுத்துகின்றன.

கடலோர நீரோட்டம் ஓயாமல் மணலைக் கொண்டுவந்து வாயிலில் சேர்க்கிறது. ஆற்றுவெள்ளம் மிகுந்த காலத்தில் அம்மணல் அடித்துச் செல்லப்படும். மழை பொய்த்து ஆற்றுநீர் குறைந்தால் மணல் மேடிட்டு வாயில் அடைபடும். அப்போது இறால் குஞ்சுகள் உள்ளே வர இயலாது. கோடையில் நீர் ஆவியாகி, எஞ்சிய நீரின் உப்பு கடல்நீரின் உப்பையும் விஞ்சும். ஏரி சுருங்கும், மீன்பாடு குறையும். படகுகளும் கடலுக்குச் செல்ல வழியின்றிக் கரையில் நிற்கும்.

இதனால் முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. தூர்வாரினாலும் மணல் மீண்டும் சேர்ந்துவிடுவதால், வாயிலின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி நிலையான முகத்துவாரம் அமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. ஏரியின் வடக்கேயுள்ள ராயதொருவு முகத்துவாரத்தைத் திறக்க வேண்டும் என்று ஆந்திர மீனவர்களும் கேட்டு வருகின்றனர். வடபகுதி தூர்ந்து வறண்டால் அவர்கள் மீன்தேடித் தென்பகுதிக்கு வர நேரும். இரு மாநில மீனவரிடையே எழும் எல்லைப் பூசல்களுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பாடு முறை

நீர் ஒன்று, அதை நம்பியோர் பலர். யார் எங்கே வலை விரிப்பது? இதற்கு முன்னோர் கண்ட வழி ‘பாடு’ முறை. நீரோட்டம் மிகுந்த இடங்களில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். பிற இடங்களில் குறைவாகவே கிடைக்கும். எனவே, வலையிடும் இடங்களை வரையறுத்து, சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் செல்வார். இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இதனை ஒத்த சீட்டு முறை உண்டு.

இம்முறை சண்டையைத் தவிர்க்கிறது. அளவுக்கு மீறிப் பிடிப்பதையும் தடுக்கிறது. எனினும் குறையில்லாதது அன்று. குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டுகளுக்கே பாட்டில் உரிமை உண்டு. கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர், ஏனாதி மக்களும் பெண்களும் இதில் இடம்பெறுவதில்லை. நீர் வற்றும்போது முதலில் பசிப்பவர்கள் அவர்களே.

நீதிமன்றம் வகுத்த எல்லை

1990களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக் கழிவுநீர் நீர்நிலைகளைக் கெடுத்தது. அருகிலிருந்த விளைநிலங்கள் உவர்ந்தன. இதனை எதிர்த்துத் தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று வெளியான தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்த 2005ஆம் ஆண்டில் தனிச்சட்டமும் வந்தது.

இறால் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது. பலருக்கு வேலையும் தருகிறது. எனவே, தொழில் வேண்டுமா வேண்டாமா என்பது வினா அன்று. ஒருவர் ஈட்டும் வருவாய்க்கு மற்றொருவரின் நீர் விலையாகலாமா என்பதே வினா.

நிறைவாக

குளிர்காலத்தில் இவ்வேரிக்கு வரும் பூநாரைகளைக் காண மக்கள் திரள்கின்றனர். சூலூர்ப்பேட்டையில் அவற்றின் பெயரால் விழாவும் நடைபெறுகிறது. பறவையும் மீனவரும் நாடுவது ஒன்றையே: உப்பும் இனிப்பும் அளவோடு கலந்த உயிருள்ள நீர். மாநில எல்லைக்கோட்டை நீர் அறியாது. ஏரியைக் காக்கும் பொறுப்பையும் இரு மாநிலங்களும் பாடு முறைபோலப் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

சொற்பொருள்

உவர்நீர் – உப்புத்தன்மை உடைய நீர்
ஏற்றம் – கடல்நீர் உயர்ந்து வருதல்
மீன்பாடு – வலையில் கிடைக்கும் மீனின் அளவு
தலைக்கட்டு – ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம்
தூர்தல் – மணலோ சேறோ நிரம்பி மேடாதல்

பயிற்சி

1. முகத்துவாரம் அடைபடுவதால் இறாலின் வாழ்க்கை எவ்வாறு தடைபடுகிறது?
2. பாடு முறையின் நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.
3. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு பழவேற்காடு ஏரிக்கு அளித்த பாதுகாப்பு யாது?
4. உங்கள் ஊர் ஏரியின் நீர் எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.