பிறர் சமயத்தை மதிக்கக் கற்பிப்போர்

சமய மிதம் என்றால் விசுவாசத்தில் தளர்வு என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். அப்படியல்ல.

ஜவ்வாதுமலைக்கு அருகே வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கப்பட்டது இஸ்லாமியா கல்லூரி. அங்கே கவிக்கோ அப்துல் ரகுமான் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராகவும் பணியாற்றினார்.

தமிழ் கற்பிக்கும் இஸ்லாமியப் பேராசிரியர் சீறாப்புராணத்தோடு நின்றுவிட முடியாது. திருவாசகத்தையும், நம் வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் அதே மதிப்போடு விளக்க வேண்டும். பிறர் வணங்குவதை இகழாமல் புரிந்துகொள்ளும் பழக்கம் மாணவருக்கு அப்படித்தான் வருகிறது.

இஸ்லாமியரை மதிப்போடு நோக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் நமக்குக் கற்பித்தது. நம் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் அயலாரின் சமயத்தைப் பற்றி என்ன கேட்கிறார்கள்? சிந்திப்போம்.