மீனின் பாதரசமும் குடலின் காவலும்

1971–72 குளிர்காலத்தில், விதைப்பதற்கென ஈராக்கிற்கு வந்த தானியத்தை உழவர் குடும்பங்கள் ரொட்டியாக்கி உண்டன. பூஞ்சைக்கொல்லியாக அதில் பூசப்பட்டிருந்தது மெத்தில் பாதரசம். அரசுக் கணக்கின்படி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் இறந்தோர் 459 பேர். அதே நஞ்சு, மிகச் சிறிய அளவில், நாம் உண்ணும் மீனிலும் உண்டு.

பாதிக்கப்பட்டோரின் குருதியையும் தலைமுடியையும் ஆராய்ந்தபோது, நஞ்சு உடலை விட்டு நீங்கும் வேகம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவது புலனாயிற்று. இவ்வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்று குடலில் உள்ளது.

உண்ட மெத்தில் பாதரசத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு குருதியில் கலக்கிறது. கல்லீரல் அதன் ஒரு பகுதியைப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது; குடலோ அதில் பெரும்பங்கை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இச்சுழற்சியை முறிப்பவை குடல்வாழ் பாக்டீரியாக்களே. மெத்தில் பாதரசத்தை அவை எளிதில் உறிஞ்சப்படாத கனிமப் பாதரசமாக மாற்றுகின்றன. அது மலத்தோடு வெளியேறுகிறது.

1980களில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் உடலில் பாதரசம் கூடுதலாகத் தங்கியது இதற்குச் சான்று. பால்குடி மறவா எலிக்குட்டிகளும் அதனை எளிதில் வெளியேற்றுவதில்லை.

எனினும், இக்காவலை நம்பி அளவை மீறலாகாது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையை அடையவல்லது. ஆதலின் கருவுற்ற பெண்கள் மீனையே விலக்க வேண்டியதில்லை. சுறா போன்ற பெருமீன்களை விடுத்து, மத்தி போன்ற சிறுமீன்களைத் தேர்வதே அறிவுடைமை.