பூமி மணிபோல் அதிர்ந்த நாள்

டுரியான் பருவம் வந்துவிட்டால் பழக்கடைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கடைக்காரர் பழத்தைக் கத்தியால் தட்டுவார். காதருகே கொண்டுபோய் லேசாகக் குலுக்குவார். வெட்டாமலேயே உள்ளே சுளை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். பொங்கலுக்கு மண்பானை வாங்கும் பாட்டிமார் சுண்டிப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் அறிந்ததும் பெரும்பாலும் இந்த வழியில்தான். தோண்டிப் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் துளைத்தார்கள். எட்டியது 12,262 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை 27 முறை அடுக்கினால் வரும் ஆழம் அது. ஆனால் பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. டுரியான் முள்ளின் நுனியைக்கூட நாம் தாண்டவில்லை.

அப்படியானால் பூமியைத் தட்டுவது யார்? நிலநடுக்கம்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவின் வடமேற்கே கடலடித் தட்டு பிளந்தது. 9.1 அளவு. பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பினாங்கில் அடுக்குமாடி வாசிகள் ஆட்டத்தை உணர்ந்தார்கள். பிற்பகலில் கடல் வந்தது. மலேசியாவில் மட்டும் 68 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பினாங்கில். ஆச்சே, இலங்கை, நாகப்பட்டினம் என்று மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. அந்த நாளைப் பற்றி நம் வீடுகளில் பேசாத குடும்பம் குறைவு.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அன்று பூமி முழுவதுமே மணி அடித்தாற்போல் அதிர்ந்தது. நடுக்கத்தை யாருமே உணராத தொலைதூர நாடுகளிலும் தரை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எழுந்து தாழ்ந்தது. மிக மெதுவாக நடந்ததால் மனிதருக்குத் தெரியவில்லை. நில அதிர்வுமானிகளுக்குத் தெரிந்தது. பூமி ஒருமுறை ரக்பி பந்துபோல் நீண்டு, பின் தட்டையாகித் திரும்ப 54 நிமிடம். மூச்சு விடுவதுபோல் முழு உருண்டையும் விரிந்து சுருங்கும் இன்னொரு அசைவுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம். இந்த மூச்சு, ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்காகத் தேய்ந்தபடி, மாதக்கணக்கில் தொடர்ந்தது.

மணியின் ஓசை அதன் உலோகத்தையும் கனத்தையும் பொறுத்தது. பூமியின் அதிர்வும் அப்படியே. 1964 அலாஸ்கா நடுக்கத்துக்குப் பின் 9-ஐத் தாண்டியது சுமத்ராதான். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் நுட்பமான டிஜிட்டல் கருவிகள் வந்திருந்தன. அத்தனை தெளிவாகப் பூமியின் குரல் அதற்கு முன் பதிவானதில்லை. அந்தப் பதிவுக்கு என்ன விலை என்பது ஆய்வாளர்களுக்கும் தெரியும்.

ஆனால் இந்தக் கலை பழையது. டென்மார்க்கின் இங்கே லேமன் அம்மையார் கணினி இல்லாத காலத்தில் நிலநடுக்கத் தகவல்களை அட்டைகளில் குறித்து, காலி ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்தார். 1929-இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நடுக்கத்தின் அலைகள், வரவே கூடாத இடங்களில் மெலிதாக வந்திருந்தன. மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை. அம்மையார் விடவில்லை. திரவக் கருவுக்குள் இன்னொரு கரு இருந்து அலைகளைத் திருப்பிவிடுகிறது என்று 1936-இல் எழுதினார். அது கெட்டியானது என்பதை, பூமியின் இதே மணி அதிர்வுகளைக் கொண்டு 1971-இல் உறுதி செய்தார்கள். லேமன் 104 வயது வரை வாழ்ந்து அதையும் பார்த்தார்.

பள்ளிப் புத்தகப் படங்களில் மேலோட்டுக்குக் கீழே எல்லாம் சிவப்பாக எரிவதால், அங்கே நெருப்புக் குழம்புக் கடல் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் 2,890 கிலோமீட்டர் ஆழம் வரையுள்ள கவசம் ஏறக்குறைய முழுவதும் கெட்டிப் பாறை. திரவத்தில் செல்லவே முடியாத ஒருவகை அலை அதைத் தாராளமாகக் கடக்கிறதே! கெட்டியாக இருந்தும் அந்தப் பாறை, உள்வெப்பத்தால் நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது. மேலே உள்ள தட்டுகளும் அதோடு சேர்ந்து நகர்கின்றன. இந்தியப் பெருங்கடல் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சுமத்ராவுக்கு அடியில் நுழைகிறது. நுழைய முடியாமல் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சில நிமிடங்களில் தளர்ந்தது.

கவசத்துக்குக் கீழேதான் உண்மையான திரவம்: உருகிய இரும்பு. அது புரண்டு சுழல்வதால் பூமிக்குக் காந்தப்புலம் கிடைக்கிறது. சூரியனிலிருந்து பாயும் துகள்களின் பெரும்பகுதியை அந்தப் புலம் விலக்கிவிடுகிறது.

செவ்வாய்க்கு இன்று அப்படியொரு முழுப்புலம் இல்லை. ஒருகாலத்தில் இருந்ததற்கான தடயம் அதன் பாறைகளில் மிச்சமிருக்கிறது. ஏன் அணைந்தது என்று அறிய உள்ளே பார்க்க வேண்டும். 2018-இல் அங்கே இறங்கிய நாசாவின் இன்சைட் கலம், தரையில் ஒரு நில அதிர்வுமானியை வைத்து 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்களைக் கேட்டது. மிகப் பெரியது 2022 மே 4 அன்று வந்தது; அளவு 4.7. நம் பகுதியில் அது ஒருநாள் செய்திகூட ஆகாது. ஆனாலும் செவ்வாயின் கரு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் ஆரம் கொண்டது, அதன் மேற்பகுதி இன்னும் உருகிய நிலையில்தான் இருக்கிறது என்றெல்லாம் கணிக்க அந்தப் பதிவுகள் போதுமாயின. அதே ஆண்டு இறுதியில், சூரியத் தகடுகளைத் தூசி மூடி, இன்சைட் அடங்கியது.

சனிக் கோளில் கருவியை வைக்கத் தரையே கிடையாது. அங்கே உதவியது அதன் வளையம். சனியின் உடல் அதிரும்போது அதன் ஈர்ப்பும் துளி ஏறி இறங்கும். வளையத்தின் பனித் துகள்களில் அது அலையாகப் பதியும். காசினி விண்கலம் அளந்த அந்த அலைகளை 2021-இல் இருவர் வாசித்துப் பார்த்தார்கள். சனியின் கரு கெட்டியான ஓர் உருண்டை அல்ல. பாறையும் பனியும் வாயுவோடு கலந்து, தெளிவான எல்லை இல்லாமல், கோளின் ஆரத்தில் 60 விழுக்காடு வரை பரவிக் கிடக்கிறது.