மூளைக்குள் ஒரு குழாய் வெடித்தால்...



மயிலம், திண்டிவனம் பக்கத்து வயல்களில் மோட்டார் வைத்து நீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரைப் போட்டதும் இரப்பர்க் குழாய் விறைத்துக்கொள்ளும். புதுக் குழாய் அதைத் தாங்கும். வெயிலில் கிடந்து நைந்த குழாயோ ஒரு நாள் ‘படார்’ என்று வெடித்துவிடும். நீர் சேர வேண்டிய பாத்தி காய்கிறது. வேண்டாத இடம் சேறாகிறது. நம் மூளையிலும் இப்படி நடப்பதுண்டு!

பக்கவாதம் இரண்டு வகைப்படும். இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்வது ஒன்று. பெரும்பாலோருக்கு வருவது இதுதான். குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. எண்ணிக்கையில் குறைவு என்றாலும், கொடியது இதுவே.

எத்தனை பேருக்கு வருகிறது?

வேலூரில் 1968-69ஆம் ஆண்டுகளில் மருத்துவர்கள் மக்களிடையே கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்குப் புதிதாக 13 பேருக்குப் பக்கவாதம் வந்தது தெரிந்தது. 2005இல் திருவனந்தபுரத்தில் எடுத்த கணக்கிலோ இந்த எண் நூற்றைத் தாண்டியது. இரண்டு கணக்கெடுப்பின் முறையும் வேறு. ஆகவே நோய் அத்தனை மடங்கு பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இன்று மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்; முதுமையில் வரும் நோய்களும் கூடியுள்ளன.

வேலூர்க் கணக்கில் எத்தனை பேருக்கு அடைப்பு, எத்தனை பேருக்குக் கசிவு? அன்று அதை எளிதில் பிரித்தறிய வழியில்லை. மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைக் காட்டும் சி.டி. ஸ்கேன் 1971இல்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அந்தப் படத்தில் கசிந்த இரத்தம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு 1979இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏன் வெடிக்கிறது?

முதற் காரணம் இரத்தக் கொதிப்பு. அழுத்தம் 120 என்றால் அது 120 மில்லிமீட்டர் பாதரசம். அந்த அழுத்தம் நீரை ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரம் தூக்கிவிடும்! அழுத்தம் 200 ஆனால் 2.7 மீட்டர். மூளையின் ஆழத்தில் மயிரிழை போன்ற குழாய்கள், பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தத்தை வாங்கி வாங்கி அவை நைந்துபோகின்றன. புகையும் மதுவும் ஆபத்தை இன்னும் கூட்டுகின்றன. சிலருக்குக் குழாயில் குமிழ்போல் ஒரு வீக்கம் இருந்து, அது வெடிப்பதும் உண்டு.

பிறகு என்ன ஆகும்?

மண்டையோடு விரிந்து கொடுக்காது. தேங்கிய இரத்தம் மூளையை நசுக்குகிறது. மூளைக்குள் கசிவு ஏற்பட்ட 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குப் பிறர் உதவி தேவைப்படுகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று இந்த நோயால்தான் இறந்தார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300! அதைக் குறைக்க நல்ல மாத்திரை அந்நாளில் இல்லை. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால், இதுவரை இல்லாத தலைவலியோடு வாந்தி வந்தால் உடனே 108க்குச் சொல்லுங்கள். நீர், சோடா எதுவும் புகட்டாதீர்கள், புரை ஏறும். ஆஸ்பிரின் மாத்திரையும் தராதீர்கள். அடைப்புக்கு உதவும் மருந்து கசிவைப் பெருக்கிவிடும். எது என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

இரத்தக் கொதிப்பு வலிக்காது; அளந்தால்தான் தெரியும். இந்த வாரமே தாத்தா, பாட்டியை அழைத்துச் சென்று அளக்கச் சொல்லுங்கள். “உடம்புதான் நன்றாயிருக்கிறதே” என்று மாத்திரையை நிறுத்தியிருந்தால், நைந்த குழாயின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வயலைப் பார்த்தவர்கள் அவர்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.