கணக்குப் போட்டுச் சுற்றுலா போவோம்

அந்தமானில் வாழும் நமக்கு மெயின்லேண்டுப் பயணம் புதிதல்ல. கல்யாணம் வரும். காதுகுத்து வரும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கப்பல் ஏறிச் சென்னைக்குப் போகிறோம். அங்கிருந்து சொந்த ஊருக்குப் போகிறோம்.

இப்போது பிள்ளைகள் இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். "சென்னையில் தீம் பார்க் இருக்கிறதாமே! ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். டி.வி.யில் பார்க்கிறார்கள். செல்போனில் பார்க்கிறார்கள். ஆசைப்படுகிறார்கள்.

ஆசைப்படுவது தவறா? இல்லவே இல்லை. ஆண்டு முழுதும் உழைக்கிற குடும்பத்துக்கு ஒரு நாள் சிரிப்பு வேண்டாமா? ஆனால் அந்த ஒரு நாளுக்காக மாதக் கணக்கில் வட்டி கட்டக் கூடாது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. எப்படி அளப்பது என்று பார்ப்போம்.

தீம் பார்க் என்றால் என்ன?

ஊர்த் திருவிழாவில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு சுற்றுக்கு ஒரு கட்டணம். இரண்டு முறை ஏறினால் இரண்டு முறை காசு கொடுக்க வேண்டும்.

தீம் பார்க் வேறு மாதிரி. அது பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. ராட்சத ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, அலை வரும் குளம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பெரும்பாலும் வாசலில் ஒரே கட்டணம் வாங்குவார்கள். பிறகு அன்று முழுதும் விளையாடலாம். சில இடங்களில் நுழைவுக் கட்டணம் வேறு, ராட்டினக் கட்டணம் வேறு. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. வால்ட் டிஸ்னி என்ற படத் தயாரிப்பாளர் அதைக் கட்டினார். அதைப் பார்த்து உலகம் முழுதும் இத்தகைய பூங்காக்கள் வந்தன. நம் நாட்டில் 1984இல் டில்லியில் 'அப்பு கர்' தொடங்கியது. அப்பு என்பது 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயர். அந்தப் பூங்கா 2008இல் மூடப்பட்டது.

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்கா இருக்கிறது. அங்கே அசையாமல் நிற்கும் 'சிலை மனிதர்' பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு வேடிக்கை காட்டினாலும் அவர் சிரிக்க மாட்டார். அதே சாலையில் முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம். பூங்கா உள்ளது. தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தா தொடங்கியது. கொச்சியில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் வொண்டர்லா. அது 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே ஒரு பூங்காவைத் திறந்தது.

இரண்டு பக்கக் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இடது பக்கத்தில் 'பயணச் செலவு' என்று எழுதுங்கள். வலது பக்கத்தில் 'பூங்காச் செலவு' என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? பயணச் செலவு கட்டாயம். பூங்காச் செலவு விருப்பம். கையில் பணம் குறைந்தால் விருப்பத்தைக் குறைக்கலாம். கட்டாயத்தைக் குறைக்க முடியாது.

முதலில் இடது பக்கம். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர். போர்ட் பிளேர் என்ற பெயர்தான் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். ஆனால் அரசுக் கப்பலில் தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு. தீவுவாசி அட்டையை மறக்காமல் எடுத்து வையுங்கள். அறை எடுத்தால் செலவு கூடும். பங்க் வகுப்புதான் மலிவு. கப்பலில் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் வேண்டும். அதையும் எழுதுங்கள்.

ஹட்பே, டிக்லிபூர், கச்சால், கேம்ப்பெல் பே போன்ற இடங்களில் இருப்பவர்கள் இன்னொரு வரி எழுத வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் வந்து சேரும் செலவு. அங்கே சென்னைக் கப்பலுக்காகக் காத்திருக்கும் நாட்களின் செலவு.

அடுத்தது மிக முக்கியம். திரும்பி வரும் செலவு. சென்னையிலிருந்து கப்பல் தினமும் கிடையாது. புயல் என்றால் புறப்படும் நாள் தள்ளிப் போகும். அப்போது சென்னையில் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். கையில் காசு இல்லாவிட்டால் பிள்ளைகளோடு என்ன செய்வது? ஆகவே திரும்பும் டிக்கெட் பணத்தையும், கூடுதலாக நான்கு நாள் செலவுப் பணத்தையும் ஒரு தனி உறையில் போடுங்கள். உறையின் மேல் 'வீடு திரும்ப' என்று எழுதுங்கள். என்ன வந்தாலும் அந்த உறையைப் பூங்காவில் பிரிக்கக் கூடாது.

பூங்காச் செலவு எவ்வளவு?

இப்போது வலது பக்கம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. ஆக ஐந்து பேர். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மைக் கட்டணத்தைப் பூங்காவில் கேட்டு நீங்கள் எழுத வேண்டும்.

அப்பா, அம்மா டிக்கெட் (1,000 + 1,000): 2,000 ரூபாய்
பிள்ளைகள் டிக்கெட் (800 + 800): 1,600 ரூபாய்
பாட்டி டிக்கெட்: 750 ரூபாய்
பஸ், ஆட்டோ: 300 ரூபாய்
சாப்பாடு: 1,000 ரூபாய்
பெட்டி வாடகை, நீச்சல் உடை வாடகை: 450 ரூபாய்
போட்டோ, பொம்மை: 400 ரூபாய்
கைக்காவல்: 500 ரூபாய்
மொத்தம்: 7,000 ரூபாய்

பார்த்தீர்களா? டிக்கெட் மட்டும் 4,350 ரூபாய். மற்றவை 2,650 ரூபாய். பலர் டிக்கெட் பணத்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். உள்ளே போன பிறகு திண்டாடுகிறார்கள்.

இதில் எதைக் குறைக்கலாம்? பல பூங்காக்களில் பிள்ளைகளின் உயரத்தை அளந்துதான் டிக்கெட் கொடுக்கிறார்கள். வயதைப் பார்ப்பதில்லை. மிகவும் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத இடமும் உண்டு. எனவே வீட்டிலேயே சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பல பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை. காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனால் உள்ளே ஒரு வேளை வாங்கினால் போதும். சென்னையில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. பஸ் ஏறும்போது நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டியிடமும் கேளுங்கள். "நான் ராட்டினம் ஏற மாட்டேன். சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறேன்" என்று அவரே சொன்னால் 750 ரூபாய் மிச்சம். "பேரப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் அவரையும் கூட்டிப் போங்கள். அவரைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

கடனா, சேமிப்பா?

7,000 ரூபாய்க்கு எங்கே போவது? கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 7,000 ரூபாய்க்கு மாதம் 350 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் வட்டி மட்டும் 3,500 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். ஆக மொத்தம் 10,500 ரூபாய் கொடுக்க வேண்டும்.

இப்போது சேமிப்பைப் பார்ப்போம். அதே பத்து மாதம். மாதம் 700 ரூபாய் சேர்த்தால் 7,000 ரூபாய் வந்துவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 23 ரூபாய். அஞ்சலகத்தில் சேமிக்கலாம். வங்கியில் சேமிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவிலும் சேமிக்கலாம்.

கடன் வாங்கினால் முதலில் சிரிப்பு, பிறகு பத்து மாதம் கவலை. சேமித்தால் பத்து மாதம் எதிர்பார்ப்பு, பிறகு கவலை இல்லாத சிரிப்பு. எது நல்லது? நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள். மாதக் கடைசியில் உண்டியலை எண்ணச் சொல்லுங்கள். நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பணம் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்த பிள்ளை, பூங்காவில் கண்டதையெல்லாம் கேட்டு அடம் பிடிப்பது குறையும்.

எந்த நாளில் போவது?

கப்பலை விட்டு இறங்கிய மறுநாளே போக வேண்டாம். மூன்று நாள் ஆடி வந்த உடம்பு. தரையில் நின்றாலும் ஆடுவது போல் இருக்கும். அப்போது ராட்டினம் ஏறினால் தலை சுற்றும், வாந்தி வரும். இரண்டு மூன்று நாள் ஓய்வு எடுங்கள்.

திரும்பிக் கப்பல் ஏறும் நாளுக்கு முதல் நாளும் வேண்டாம். துணி ஈரமாக இருக்கும். பிள்ளைகள் களைத்திருப்பார்கள். சாமான் கட்டும் வேலையும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் கூட்டம் அதிகம். ஒரு ராட்டினத்துக்கு வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டி வரும். ஐந்து ராட்டினம் ஏறினாலும் இருபது ராட்டினம் ஏறினாலும் வாசல் கட்டணம் ஒன்றுதான். ஆகவே வார நாளில் போங்கள். திறக்கும் நேரத்துக்கே போங்கள். கொடுத்த காசுக்கு முழுப் பயன் கிடைக்கும்.

செல்போனில் டிக்கெட் எடுத்தால் பூங்காவின் சொந்த இணையதளம்தானா என்று பாருங்கள். "பாதி விலை" என்று யாராவது அனுப்பும் செய்தியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். டிக்கெட்டில் தேதி, ஆட்களின் எண்ணிக்கை சரியா என்று படித்துப் பாருங்கள்.

பலகையைப் படியுங்கள்

நாம் எழுத்துக் கற்றது எதற்கு? இப்படிப்பட்ட இடத்தில் நம் பிள்ளைகளைக் காப்பதற்கும்தான். ஒவ்வொரு ராட்டினத்தின் பக்கத்திலும் ஒரு பலகை இருக்கும். எந்த உயரத்துக்கு மேல் ஏறலாம் என்று அதில் எழுதியிருக்கும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்றும் எழுதியிருக்கும். தமிழில் இல்லாவிட்டால் ஊழியரிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

2025 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் உயரமான ராட்டினம் ஒன்று நடுவானில் நின்றுவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மேலே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். இப்படி நேர்ந்தால் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. தாமாகவே இறங்க முயலக் கூடாது. உதவி வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

துப்பட்டா, சேலை முந்தானை, நீண்ட கூந்தல் ஆகியவற்றை இறுக்கிக் கட்டுங்கள். நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நம் பிள்ளைகள் கடலோரத்தில் வளர்ந்தவர்கள். 'எங்களுக்கு நீச்சல் தெரியும்' என்பார்கள். இருந்தாலும் அலைக் குளத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்? ஒரு சீட்டில் பிள்ளையின் பெயரையும் உங்கள் போன் எண்ணையும் எழுதுங்கள். நனையாமல் இருக்கச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிள்ளையின் பையில் வையுங்கள். சந்திக்கும் இடம் ஒன்றையும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பணம் போதாவிட்டால்?

சில ஆண்டு பணம் சேராது. வீட்டில் யாருக்காவது நோய் வரலாம். வேலை குறையலாம். அப்போது பூங்காவைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகளிடம் நோட்டைக் காட்டிக் காரணத்தைச் சொல்லுங்கள். சும்மா "முடியாது" என்றால் அழுவார்கள். கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

செலவு குறைந்த இடங்களும் உண்டு. சென்னையில் மெரினா கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலி, சிங்கம் பார்க்கலாம். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கப்பலே ஏறாமலும் சுற்றுலா போகலாம். ஸ்ரீ விஜயபுரத்தில் காந்தி பூங்கா இருக்கிறது. சமுத்ரிகா அருங்காட்சியகம் இருக்கிறது. அபர்தீன் ஜெட்டியிலிருந்து படகில் ராஸ் தீவுக்குப் போகலாம். அதன் பெயர் 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று மாறியது. 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பார்க்க நாடெங்கும் இருந்து மக்கள் பணம் செலவழித்து வருகிறார்கள். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியிருக்கிறோம்?

செய்து பாருங்கள்

1. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்? மேலே உள்ள கட்டணத்தை வைத்து உங்கள் பூங்காச் செலவைக் கணக்கிடுங்கள்.

2. அந்தப் பணத்தைப் பன்னிரண்டு மாதத்தில் சேர்க்க வேண்டும். மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

3. 'வீடு திரும்ப' உறையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்? குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள்.