உஷார்! "சோறு ஒத்துக்கலை" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

ஆறு மாதம் முடிந்து குழந்தைக்குச் சோறூட்டத் தொடங்கிய வீட்டில், அடுத்த சில மாதங்களுக்கு எது நடந்தாலும் பழி சாப்பாட்டின் மேல்தான். முக்கினால் வாழைப்பழம், பேதியானால் பருப்பு. வாந்தி எடுத்தால், "நேத்து யாரு என்னத்தக் குடுத்தது?" அதிலும் விடை கிடைக்காவிட்டால் பல் முளைக்கிறது. பெரும்பாலும் சாப்பாடுதான் காரணமாகவும் இருந்துவிடுகிறது. ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத, ஒரே நாளில் குடலை அழுகவைக்கக்கூடிய ஒரு கோளாறு அதிகம் வருவதும் இதே மாதங்களில்தான்.

அதற்குக் குடல் செருகல் என்று பெயர். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள், சட்டைக் கை உள்பக்கமாக மடிந்து போவதுபோல, நுழைந்து சிக்கிக்கொள்ளும். உள்ளே போன பகுதிக்கு ரத்த ஓட்டம் நசுங்கும். ஐந்து மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை உள்ள குழந்தைகளிடம் இது அதிகம். நேற்றுவரை கொழுகொழுவென்று விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கும் திடீரென வரும். பல குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்றே தெரியாது.

இதை அடையாளம் காணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை திடீரென வீறிட்டு அழும். முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும், முகம் வெளிறும். சில நிமிடங்களில் அழுகை தானாக அடங்கிவிடும். "அப்பாடா, வாயு போயிடுச்சு" என்று வீடு மூச்சுவிடும். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே வீறிடல். இடையில் வரும் அந்த அமைதிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பிறகு வாந்தி தொடங்கும். முதலில் பாலாக வருவது போகப்போகப் பச்சையாக மாறும். விட்டுவிட்டு அழுத குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும். சில குழந்தைகள் அழாமலே சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பதும் உண்டு. ரத்தமும் சளியும் கலந்து கருஞ்சிவப்பாக மலம் வருவது பெரும்பாலும் கடைசியில்தான். ரத்தத்தைப் பார்த்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும்.

நம் ஊரில் அந்த நேரம் எங்கே போகிறது? "உரம் விழுந்திருக்கு" என்று குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். குடல் தட்டுகிறேன் என்று வயிற்றை அமுக்கி நீவுகிறார்கள். தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் குழாய் வைத்து உறிஞ்சிக் காட்டும் உணவுத் துணுக்கு உங்கள் குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததே அல்ல. ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருக்கும் குடலை மேலே இருந்து அமுக்குவதை நினைத்தாலே பதறுகிறது. இன்னும் சிலர் ரத்தத்தைப் பார்த்துச் சீதபேதி என்று தாங்களே முடிவுகட்டி, மெடிக்கலில் ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்றி, இரவைக் கடத்திவிடுகிறார்கள்.

சீக்கிரம் போனால் இது பெரும்பாலும் கத்தி வைக்காமலே சரியாகிவிடும். வயிற்று ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவாகச் செலுத்தி, செருகிய குடலை வெளியே தள்ளிவிடுவார்கள். தாமதித்துப் போனால் அறுவை சிகிச்சை. ரொம்பத் தாமதித்தால், அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அதையும் தாண்டிவிட்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

இப்படிச் சொன்னதும் ஒவ்வொரு டயப்பரையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தை கூழும் குழைசாதமும் சாப்பிட ஆரம்பித்தால் மலம் கெட்டிப்படும், நாற்றம் கூடும். கேரட் துண்டு அப்படியே வெளியே வரும், கீரை கொடுத்தால் பச்சையாகப் போகும், பீட்ரூட் சிவக்கவைக்கும். வாழைப்பழம் தின்ற மறுநாள் கறுப்பு நூல் நூலாகத் தெரிவது பூச்சி இல்லை, பழத்தின் நார்தான். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும். அப்படி எந்த மருந்தும் கொடுக்காமலே தார் போலக் கறுத்தாலோ, சுண்ணாம்பு போல வெளுத்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வெளுத்த மலம் ஈரலிலிருந்து பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை என்பதற்கான அறிகுறி.

மலச்சிக்கலுக்கு வருவோம். இரண்டு நாளைக்கு ஒரு முறை போனாலும் மிருதுவாகப் போனால் கவலை இல்லை. உருண்டை உருண்டையாக, அழுதுகொண்டு போனால்தான் கவனிக்க வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி, பாலில் ஊறவைத்த பிஸ்கட், ஒரு வயதுக்கு முன்பே கொடுக்கும் பசும்பால், இந்த மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். பப்பாளி மசியல், பூசணி, கீரை, உலர் திராட்சை ஊறிய தண்ணீர் கொடுங்கள். சாப்பாட்டுக்கு இடையே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெற்றிலைக் காம்பையும் சோப்புத் துண்டையும் ஆசனவாயில் வைக்கவே வைக்காதீர்கள், அந்த மெல்லிய தோல் புண்ணாகிவிடும். குடல் கழுவுகிறேன் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம்.

தேன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூடக் கூடாது, நாக்கில் தடவுவதுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பச்சிளங்குழந்தை பாட்டுலிசம் என்னும் அந்த நோயின் முதல் அறிகுறியே பல நேரங்களில் மலச்சிக்கல்தான். அதன்பின் அழுகைச் சத்தம் மெலியும், பால் உறிஞ்ச முடியாது, கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் செயலிழக்கும். மலச்சிக்கலோடு இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேன் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேதியைப் பொறுத்தவரை, "பல் முளைக்குது, அப்படித்தான் போகும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். பல் முளைப்பதால் வயிற்றோட்டம் வராது. கண்டதையும் எடுத்து வாயில் வைக்கும் வயது இது, கழுவாத கையிலிருந்தும் பால் புட்டியிலிருந்தும் கிருமி போகிறது. பேதி தொடங்கியதும் ஓஆர்எஸ் கொடுங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் அதை முழுவதுமாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் தூளை எடுத்து டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவே தவறிவிடும். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை ஸ்பூனால் ஊட்டுங்கள். பழப்படம் போட்ட இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது, அவற்றின் அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ்ஸும் துத்தநாக மாத்திரையும் இலவசம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் தொடர்ந்து மொத்தம் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சோற்றையும் நிறுத்தாதீர்கள். பேதியை அடக்க பெரியவர்களின் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும். உச்சிக்குழி உள்வாங்கினாலோ, கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டு வைத்தியம் போதாது.

விட்டுவிட்டு வீறிடும் அழுகை, பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், துவண்டுபோன உடம்பு ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் பட்ட டயப்பரைக் கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடல் செருகல் என்று சந்தேகம் வந்தால், டாக்டர் பார்க்கும்வரை குழந்தைக்கு எதையும் ஊட்ட வேண்டாம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம் என்று திரும்பாமல் அங்கிருந்து நேரே போங்கள்.